பதினாறில் ஒன்றைக் காணோம்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் செய்தித்தாளில் மாவட்டப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். மழை அளவுப் பட்டியல் அங்கேதான் வரும். ராமநாதபுரம், மண்டபம், பள்ளமோர்குளம், ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், ஆர்.எஸ்.மங்கலம், திருவாடானை, தொண்டி, வட்டாணம், தீர்த்தாண்டதானம், பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, வாலிநோக்கம். பதினாறு இடம். கடைசி வரியில் மாவட்டச் சராசரி. நயினார்கோவில்காரர்களின் கண் பரமக்குடியில்தான் போய் நிற்கும். எங்கள் தாலுகா அதுதானே.

டீக்கடைப் பேப்பர் நாலு கை மாறி வருவதற்குள் சரியாக அந்த வரியில் டீ சிந்தியிருக்கும். பரமக்குடி அளவு தெரியவில்லை. மற்ற பதினைந்தும் தெரிகின்றன, சராசரியும் தெரிகிறது. அது போதும். பதினைந்தின் கூட்டுத்தொகை 283.4 மி.மீ., சராசரி 19.40 என்று வைத்துக்கொள்வோம். 19.40-ஐப் பதினாறால் பெருக்கினால் 310.4. அதில் 283.4 போக மீதி 27. டீ குடித்த எண் அதுதான்.

பள்ளிக்கூடத்தில் இதையே தெரியாத எண்ணை 'ம' என்று கொள்க, 283.4-உடன் ம-வைக் கூட்டிப் பதினாறால் வகுத்தால் 19.40 என்று சமன்பாடு எழுதச் சொல்வார்கள். எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி, செய்கிற வேலை ஒன்றுதான்: வகுத்ததைத் திரும்பப் பெருக்கி மொத்தத்தைக் கையில் எடுப்பது. மொத்தம் கைக்கு வந்துவிட்டால் மீதி வெறும் கழித்தல். மாணவர்கள் தடுமாறுவது இந்த முதல் படியில்தான். சராசரியை ஒரு விடையாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு, அதற்குள் ஒரு மொத்தம் மடங்கிக் கிடக்கிறது என்பது சட்டென்று தோன்றுவதில்லை.

*

மேலே உள்ள கணக்கு கச்சிதமாக வந்ததற்குக் காரணம் சராசரியில் இருந்த இரண்டு தசம இடங்கள். யாரோ ஒருவர் "மாவட்டச் சராசரி 19 மில்லிமீட்டராம்" என்று மட்டும் சொல்லியிருந்தால்? 19 என்றால் 18.5-இலிருந்து 19.5 வரை எதுவாகவும் இருக்கலாம். மொத்தம் 296-இலிருந்து 312 வரை. பரமக்குடி மழை 12.6-இலிருந்து 28.6 வரை. சராசரியில் அரை மில்லிமீட்டர் தள்ளிச் சொன்னது, தெரியாத எண்ணில் எட்டு மில்லிமீட்டராகப் பெருகிவிட்டது. பதினாறால் பெருக்கும்போது பிழையும் பதினாறால் பெருகும். புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பவனுக்கு 12 மில்லிமீட்டர் என்றால் புழுதி அடங்கும், அவ்வளவுதான். 28 என்றால் அன்றைக்கு வீட்டுக்கு முட்டை வாங்கிப் போவான்.

*

இதற்கு நேர்மாறான ஒன்று. டான் பிராட்மேனின் டெஸ்ட் சராசரி 99.94 என்பது கிரிக்கெட் பார்க்கிற எல்லோருக்கும் மனப்பாடம். 80 இன்னிங்ஸ், அதில் 10 முறை ஆட்டமிழக்கவில்லை. ஆக 70-ஆல் வகுத்திருக்கிறார்கள். 99.94-ஐ 70-ஆல் பெருக்கினால் 6995.8. ஓட்டத்தில் பின்னம் கிடையாது. முழுமையாக்கலுக்கு இடம் விட்டாலும் 6995.45-க்கும் 6996.15-க்கும் நடுவே இருக்கிற ஒரே முழு எண் 6996. உண்மையில் அவர் எடுத்ததும் அதுவே. 1948-இல் ஓவல் மைதானத்தில் கடைசி இன்னிங்ஸில் ஹோலிஸ் பந்தில் பூஜ்ஜியத்தில் போல்டானார். நான்கு ஓட்டம் எடுத்திருந்தால் 7000, சராசரி நூறு.

மழை தசமத்தில் வரும், ஓட்டம் முழு எண்ணில் வரும். தெரியாத எண் எந்த இனம் என்று தெரிந்தாலே பாதிக் கணக்கு முடிந்த மாதிரி. பையன்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் அன்றைக்கு ஒருத்தனும் தூங்குவதில்லை.

*

விடை மைனஸில் வந்தால்? பதினைந்து இடத்தையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் பதினாறாவது இடத்தில் மைனஸ் 3 மி.மீ. மழை. மழை அப்படிப் பெய்யாது. எங்கேயோ ஓர் எண் தப்பாக அச்சாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் பதினாறால் வகுக்கவில்லை. சராசரியோடு மொத்தத்தையும் போட்டிருந்தால் இதைக் கண்டுபிடிப்பது எளிது: மொத்தத்தைச் சராசரியால் வகுத்தால் எத்தனை இடத்தால் வகுத்தார்கள் என்று வந்துவிடும். 15 என்று வந்தால், ஓர் இடத்திலிருந்து அன்று தகவல் வரவில்லை என்று பொருள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மழை பெய்யவில்லை என்பது வேறு, அளவு வரவில்லை என்பது வேறு. முதலாவதில் பூஜ்ஜியத்தையும் சேர்த்துப் பதினாறால் வகுக்க வேண்டும். இரண்டாவதில் அந்த இடத்தையே எடுத்துவிட்டுப் பதினைந்தால் வகுக்க வேண்டும். பட்டியலில் இரண்டுக்கும் ஒரே கோடு போட்டிருந்தால் என்ன செய்வது? வறண்ட மாவட்டத்தில் பூஜ்ஜியம் அடிக்கடி வரும் எண். அதற்குரிய மரியாதையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

*

2024 நவம்பர் 20. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் எல்லாமே வெள்ளம். மேகவெடிப்பு என்று தொலைக்காட்சியில் ஓடியது.

ராமேஸ்வரத்துக்கு 400 மி.மீ. என்று மட்டும் வைத்து, மற்ற பதினைந்து இடத்திலும் சொட்டு மழை இல்லை என்று கற்பனை செய்து பாருங்கள். மாவட்டச் சராசரி 25 மி.மீ. வரும். ஒரே ஊர் மழை, மாவட்டம் முழுக்க நல்ல மழை பெய்ததுபோல் காட்டிவிடும். தீவில் விழுந்த தண்ணீர் கடலுக்குத்தான் போகும். நயினார்கோவில் கண்மாய்களுக்கு ஒரு குடம்கூட வராது. இந்த மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை 827 மி.மீ. என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. அதில் கடலோரம் எவ்வளவு, உள்நாடு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால்தான் சம்சாரிக்குப் பயன். ஆனால் ஒரே ஒரு சராசரியை வைத்துக்கொண்டு இரண்டு எண்ணைப் பிரிக்க முடியாது. இன்னொரு செய்தி வேண்டும். "இரண்டும் சேர்ந்து இவ்வளவு" என்பதற்குப் பக்கத்தில் "ஒன்று மற்றதைவிட இவ்வளவு கூட" என்று யாராவது சொன்னால்தான் வழி பிறக்கும்.

*

தெரியாததற்குப் பெயர் வைப்பது பழைய பழக்கம். 628-இல் பிரம்மகுப்தர் தெரியாத எண்களுக்கு நிறங்களின் பெயரைச் சூட்டினார்: கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என்று. பள்ளி நோட்டில் இன்று வருகிற ஆங்கில எழுத்துகளைவிட இது எனக்குப் பிடிக்கிறது. மாணவன் "நீலம் எவ்வளவு சார்?" என்று கேட்டால் கணக்குக்கே ஒரு களை வந்துவிடும். பிரம்மகுப்தருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்து பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலிருந்துதான் அல்ஜீப்ரா என்ற பெயர் கிளம்பியது. வாய் பேசாத ஓர் இஸ்லாமியப் பெண் இங்குள்ள தீர்த்தத்தில் குளித்ததும் நயினார் என்று வாய் திறந்தாள், அதனால் எங்கள் கோவில் நாகநாதர் நயினார் ஆனார் என்று கதை சொல்கிற ஊர் இது. கணக்கு பாக்தாத் வழியாக வந்ததென்றால் இங்கே யாருக்கும் வியப்பிராது.

*

ஊருணி வெட்டும் கணக்கு.

பாஸ்கராச்சாரியாரின் லீலாவதியில் (1150) ஒரு குழிக் கணக்கு இருக்கிறது. பக்கங்கள் சரிவாக இருப்பதால் நீளத்தை மூன்று இடத்தில் அளந்தால் 10, 11, 12 முழம். அகலம் மூன்று இடத்தில் 5, 6, 7. ஆழம் 2, 3, 4. ஒவ்வொன்றுக்கும் சராசரி எடுத்தால் 11, 6, 3. பெருக்கினால் 198 கன முழம். நம் நாட்டில் சராசரி என்பது மார்க் ஷீட்டில் பிறந்ததல்ல, மண் வெட்டியவனுக்குக் கூலி கொடுக்கும் இடத்தில் புழங்கியது என்று எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

நூறு நாள் வேலையிலும் அதே கதைதான். வேலை முடிந்தபின் வெட்டிய மண்ணை அளந்து, அளவுக்கு ஏற்பக் கூலி. 2024-25-இல் தமிழ்நாட்டுக்கான நாள் கூலி 319 ரூபாய். அளவு குறைந்தால் கூலியும் குறையும். ஒரு குழுவுக்கான குழியை நாலு இடத்தில் ஆழம் பார்த்துச் சராசரி ஓர் அடி என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று இடத்தில் பெண்கள் தாங்களே குச்சி வைத்துப் பார்த்தது: 14 அங்குலம், 13, 13. நான்காவது? நாலு பன்னிரண்டு 48, கூட்டியது 40, மீதி எட்டு அங்குலம். அந்த எட்டு அங்குலம் எந்த மூலை என்று கேட்டால் போதும், யாரும் சண்டை போட வேண்டியதில்லை. கூழாங்கல் கிடந்து மண்வெட்டி இறங்காத மூலை ஒன்று உண்மையிலேயே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

*

மனக்கணக்குக்கு ஒரு குறுக்கு வழி. மொத்தம் எல்லாம் போடாதே. சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு கூட, எவ்வளவு குறைச்சல் என்று பார். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டுத் தளம் சமன் செய்கிற மாதிரி, கூடுதலும் குறைச்சலும் கடைசியில் நேராக வேண்டும். மேலே சொன்ன குழியில் 2 கூட, 1 கூட, 1 கூட; ஆக நான்கு கூட. நான்காவது இடம் நான்கு குறைச்சல், எட்டு. பெரிய எண்களைக் கூட்டத் தயங்குகிறவர்கள்கூட இதை விரல் விட்டுச் சொல்லிவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஊகச் சராசரி முறை என்று வருவதன் உயிர்நாடி இதுதான். ஆனால் அங்கே அட்டவணை போட்டு, சூத்திரம் போட்டு, இந்த எளிமையை மறைத்துவிடுகிறார்கள்.

*

"தம்பி, பாங்குல காசு ஏறியிருக்கு. ஏக்கருக்கு இம்புட்டுன்னு எதை வச்சுப் போட்டாய்ங்க?"

பயிர்க் காப்பீட்டுப் பணம் வந்த பருவத்தில் உறவுக்கார மாமா கேட்டது. சிட்டா, அடங்கல் எல்லாம் வாங்கிப் பதிந்தபோது அவருக்குப் பிரீமியம் எவ்வளவு என்று தெரிந்தது. வந்த தொகைக்குக் கணக்கு மட்டும் தெரியவில்லை. கைபேசியில் ஒற்றை வரிச் செய்தி, ஒரு தொகை, அவ்வளவுதான்.

அந்த ஒரு தொகையிலிருந்தே நிறைய வெளியே எடுக்கலாம். 2016-இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பீட்டுக்கான சூத்திரம் ஒளிவுமறைவில்லாதது. உத்தரவாத மகசூலில் அந்த ஆண்டு மகசூலைக் கழித்து, அதை உத்தரவாத மகசூலால் வகுத்து, காப்பீட்டுத் தொகையால் பெருக்க வேண்டும். இரண்டு மகசூலும் தனி ஆளுடையதல்ல, காப்பீட்டு அலகாக அறிவித்த கிராமத்தின் சராசரி.

எண்ணை நானே வைக்கிறேன், முறை மட்டும் நிஜம். காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 30,000 ரூபாய், உத்தரவாத மகசூல் ஹெக்டேருக்கு 1,632 கிலோ, வந்த பணம் ஏக்கருக்கு 11,618 ரூபாய். 11,618-ஐ 30,000-ஆல் வகுத்தால் 0.387. அதாவது நூற்றுக்கு 38.7 இழப்பு என்று முடிவு செய்திருக்கிறார்கள். மீதி 61.3 சதவீதம் விளைந்ததாக எழுதியிருக்கிறார்கள். 1,632-இல் 61.3 சதவீதம் என்பது ஏறக்குறைய 1,000 கிலோ. ஆக, ஊர் மகசூல் ஹெக்டேருக்கு 1,000 கிலோ என்று பதிவாகியிருக்கிறது. பணம் ஏக்கருக்கு, மகசூல் ஹெக்டேருக்கு என்று இருந்தாலும் பாதகமில்லை. மேலும் கீழும் ஒரே அலகு என்பதால் வகுக்கும்போது அது கழன்றுவிடும்.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். 1,000 கிலோ என்பது எங்கிருந்து வந்தது? பயிர் அறுவடைப் பரிசோதனையிலிருந்து. ஊரில் குலுக்கல் முறையில் சில சர்வே எண்களைத் தேர்ந்து, வயலுக்குள் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, நிறுத்து எழுதுவார்கள். 25 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு 10,000 சதுர மீட்டர் என்பதால் நிறுத்ததை 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேர் மகசூல். 1,000-ஐ 400-ஆல் வகுத்தால் 2.5 கிலோ. நாலு வயலில் அறுத்திருந்தால் மொத்தம் 10 கிலோ.

மூன்று வயல்காரர்கள் அறுப்பின்போது பக்கத்திலேயே நின்றார்கள்: 3.2 கிலோ, 2.9, 3.1. கூட்டினால் 9.2. நான்காவது வயல் 0.8 கிலோ.

மாமாவுக்கு உடனே சந்தேகம். "எண்ணூறு கிராமா? எவன் வயக்காட்டுல எண்ணூறு கிராம் கண்டுச்சு? சும்மா எழுதியிருப்பாய்ங்க."

அவர் மறந்த சங்கதி ஒன்று உண்டு. அந்த எண்ணூறு கிராம் அவருக்குச் சாதகம். நான்காவது வயலும் மற்ற மூன்றைப் போலவே விளைந்திருந்தால் சராசரி 3.07 கிலோ, ஊர் மகசூல் சுமார் 1,227 கிலோ, இழப்பீடு ஏக்கருக்கு 7,451 ரூபாய். கடைமடையில் தண்ணீர் எட்டாமல் கருகிய அந்த ஒரு வயலால் ஊரில் எல்லோருக்கும் ஏக்கருக்கு 4,167 ரூபாய் கூடியிருக்கிறது. அந்த வயல்காரனுக்கு எவ்வளவு? அவனுக்கும் அதே 11,618தான். ஹெக்டேருக்கு 320 கிலோ எடுத்தவனுக்கும் 1,280 எடுத்தவனுக்கும் ஒரே தொகை. சராசரியை அலகாக வைத்த எந்தக் காப்பீட்டிலும் இது நடக்கும். தலைமடைக்காரன் கடைமடைக்காரனின் நஷ்டத்தில் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறான். விளைந்த ஆண்டில் தலைகீழ்: ஊர் நன்றாக விளைந்துவிட்டால் கடைமடையில் தனியாகக் காய்ந்தவனுக்கு ஒன்றும் கிடையாது.

இதைச் சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "அப்ப அவனுக்குத்தான்யா நியாயமாக் கூடக் குடுக்கணும்" என்றார். அது இயற்கணிதத்தின் கையில் இல்லை.

*

உத்தரவாத மகசூலையும் இதேபோல் பின்னோக்கி அவிழ்க்கலாம். பழைய தேசிய வேளாண் காப்பீட்டுத் திட்டத்தில் நெல்லுக்கு மூன்று ஆண்டுச் சராசரி எடுத்தார்கள். இப்போதைய திட்டத்தில், 2018 திருத்தத்துக்குப் பிறகு, கடைசி ஏழு ஆண்டில் மிக நன்றாக விளைந்த ஐந்தை எடுத்துச் சராசரி கண்டு, அதில் 70, 80, 90 சதவீதம் என்று அறிவித்த அளவால் பெருக்குகிறார்கள். 1,632 என்பது 80 சதவீதம் என்றால் ஐந்து ஆண்டுச் சராசரி 2,040, மொத்தம் 10,200. நமக்குத் தெரிந்த நான்கு நல்ல ஆண்டுகள் 2,400, 2,200, 2,100, 1,900 என்றால் கூட்டுத்தொகை 8,600. ஐந்தாவது 1,600.

விடுபட்ட இரண்டு ஆண்டுகள்? அவற்றைப் பற்றி இந்தக் கணக்கிலிருந்து தெரியவருவது ஒன்றே ஒன்று: இரண்டும் 1,600-க்கு மேல் இல்லை. 1,500 ஆகவும் இருக்கலாம், பூஜ்ஜியமாகவும் இருக்கலாம். கூட்டலுக்குள் நுழையாததை எந்தச் சமன்பாடும் வெளியே கொண்டுவராது. 2016-இல் தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தார்கள். அப்படிப்பட்ட ஆண்டு சராசரியில் கலந்து உத்தரவாத மகசூலைக் கீழே இழுத்துவிடக் கூடாது என்பதற்காகவே மோசமான இரண்டைத் தள்ளுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். இரண்டுக்கு மேல் வறட்சி வந்தால்?

*

நடுவில் ஒரு வம்புக் கணக்கு. மகளிர் குழுவில் 12 பேர். கூட்டத்தில் தனித்தனிக் கடனைப் படிக்க வேண்டாம், மனம் சங்கடப்படும் என்று சராசரி பாக்கியை மட்டும் படித்தார்கள்: 8,000 ரூபாய். அடுத்த மாதம் ஒருத்தி முழுதும் அடைத்துவிட்டுக் குழுவிலிருந்து விலகிவிட்டாள். மீதிப் பதினொரு பேர் பாக்கியில் எந்த மாற்றமும் இல்லை. சராசரி 7,500 என்று படித்தார்கள். 12 × 8,000 என்பது 96,000. 11 × 7,500 என்பது 82,500. விலகியவளின் கடன் 13,500 ரூபாய் என்று பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பத்தாம் வகுப்புப் பெண் அம்மாவின் காதில் சொல்லிவிட்டாள். மறைக்கத்தான் சராசரியைப் படித்தார்கள். இரண்டு சராசரி அடுத்தடுத்து வந்தால் நடுவில் நின்றவர் அம்பலம்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை தான் வெளியிட்ட 2010 அட்டவணைகளையே எடுத்து, அவற்றிலிருந்து தனி ஆட்களின் விவரங்களைத் திரும்ப உருவாக்க முடிகிறதா என்று சோதித்துப் பார்த்தது. பெருமளவு முடிந்தது. அதனால் 2020 கணக்கெடுப்பில் வெளியிடும் எண்களில் வேண்டுமென்றே சிறு சிறு பிழைகளைக் கலந்தார்கள். கூட்டுத்தொகையும் சராசரியும் போதிய அளவு சேர்ந்துவிட்டால் அவை ஒன்றையொன்று காட்டிக் கொடுத்துவிடும்.

*

இந்தத் தந்திரத்தின் மூத்த வடிவம் 499-இல் ஆரியபட்டர் எழுதியதில் இருக்கிறது. ஒவ்வொன்றாக ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்களின் கூட்டுத்தொகை கொடுத்தால், அத்தனை கூட்டுத்தொகைகளையும் கூட்டி, ஆள் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்தால் மொத்தம் கிடைக்கும் என்பது விதி.

அண்ணன் தம்பி மூன்று பேர், மூன்று செய். மூத்தவனை விட்டு மற்ற இருவரின் சராசரி 14 மூட்டை. நடுவுள்ளவனை விட்டால் 17. இளையவனை விட்டால் 20. இரண்டிரண்டாகப் பெருக்கினால் 28, 34, 40. கூட்டினால் 102. ஒவ்வொருவரும் இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கிறார்கள், ஆகவே இரண்டால் வகு: 51. 51-இல் 28 போனால் மூத்தவனுக்கு 23, நடுவுள்ளவனுக்கு 17, இளையவனுக்கு 11. போட்டித் தேர்வுப் புத்தகங்களில் இதை மூன்று சமன்பாடு எழுதி முக்கால் பக்கம் இழுப்பார்கள். இரண்டு தடவை எண்ணப்பட்டது என்ற ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் பக்கம் மிச்சம்.

இளையவனுக்கு ஏன் 11 என்று ஒரு மாணவி கேட்டாள். அவன் செய் கலுங்குப் பக்கம் என்று சொல்லி வைத்தேன்.

*

பத்தாம் வகுப்பில் ஐந்து பாடம். நான்கில் சராசரி 76 வந்தவன் ஐந்திலும் சேர்த்து 80 வேண்டும் என்றால் கடைசியில் 96 எடுக்க வேண்டும். 85 வேண்டும் என்றால் 121. நூற்றுக்கு 121. இதை அவனிடம் பக்குவமாகச் சொல்வதுதான் கணக்கைவிடக் கடினம்.

*

மிளகாய் மண்டிக்கு வேறு வகைச் சராசரி. எங்கள் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் களத்தில் காயும்போது மழை தூறிவிட்டால் நிறம் வெளுத்துவிடும். குறியீடு அதைக் காப்பாற்றாது. நல்ல வத்தல் கிலோ 180, வெளுத்தது 100, கலந்து விற்றதில் சராசரி 150 என்று சீட்டு வந்தால் எவ்வளவு நல்லது என்று எடுத்திருக்கிறார்கள்? 180-க்கும் 100-க்கும் நடு 140. 150 வந்திருக்கிறதென்றால் நல்லது பாதிக்கு மேல். 100-க்கு மேல் 50, மொத்த இடைவெளி 80; எட்டில் ஐந்து பங்கு நல்லது. எட்டு மூட்டை கொண்டுபோனவன் தன் வீட்டில் ஆறு மூட்டை நல்லது கட்டியிருந்தால், ஒரு மூட்டை தரம் மாறியது எங்கே என்று சீட்டை நீட்டிக் கேட்கலாம். பொன் கலப்பில் மாற்று காண்கிற பழைய கணக்கும் இதே சாதிதான். இங்கே எடை வெவ்வேறு என்பதால் விலையை மட்டும் கூட்டி இரண்டால் வகுக்கிறவன் ஏமாறுவான்.

*

காப்பீட்டின் ஏழு ஆண்டுச் சங்கதிக்குத் திரும்ப வருகிறேன். வரிசை பழையதிலிருந்து புதியது வரை 2,400, 2,200, 2,100, 1,900, 1,600, 400, 0 என்று இருந்ததாக வைத்துக்கொள்வோம். இப்போது 1,000 கிலோ ஆண்டு உள்ளே வருகிறது, 2,400 ஆண்டு வெளியே போகிறது. நல்ல ஐந்து: 2,200, 2,100, 1,900, 1,600, 1,000. மொத்தம் 8,800, சராசரி 1,760, அதில் 80 சதவீதம் 1,408. உத்தரவாத மகசூல் 1,632-இலிருந்து 224 கிலோ இறங்கிவிட்டது. மொத்தத்தைப் போடாமலே இதைச் சொல்லலாம்: போனது 2,400, வந்தது 1,000, வித்தியாசம் 1,400, ஐந்தால் வகுத்தால் 280, அதில் 80 சதவீதம் 224.

அடுத்த ஆண்டும் மழை ஏய்த்து அதே 1,000 கிலோதான் விளைந்தது என்றால் இழப்பீடு? 1,408-இல் 1,000 போக 408; 408-ஐ 1,408-ஆல் வகுத்து 30,000-ஆல் பெருக்கினால் 8,693 ரூபாய். முதல் ஆண்டில் 11,618. அதே வயல், அதே ஆயிரம் கிலோ, அதே பிரீமியம். கையில் வருவது ஏக்கருக்கு 2,925 ரூபாய் குறைவு. மாமாவிடம் இந்தத் தாளைக் கொடுத்திருக்கிறேன், அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார். ஏழு ஆண்டு மகசூல், எடுத்த ஐந்து எவை, அறுப்புச் சோதனை நடந்த சர்வே எண்கள், ஒவ்வொன்றிலும் நிறுத்த எடை: கேட்க வேண்டியதைப் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன், அவருக்குக் கண்ணாடி போடப் பிடிக்காது.